நிற்காது என்று சொல்ல மூச்சு வேண்டும்

எங்கள் பஸ் ஸ்டாண்டில் சித்தியின் உதடுதான் முதலில் அசையும். குரல் பின்னால் வரும். நான் வேலை பார்க்கும் பாஸ் கவுண்டருக்கும் அவளுடைய அறிவிப்பு அறைக்கும் நடுவில் இரண்டு கண்ணாடிகளும் ஒரு நடைபாதையும். கண்ணாடிக்குள் அவள் வாய் திறப்பது தெரியும். உடனே தகரக் கூரையின் கீழ் தொங்கும் ஒலிபெருக்கிகள் அவள் சொன்னதை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகும். கடைசி பிளாட்பாரத்தில் மோதி அது திரும்பி வருவதற்குள் அவள் அடுத்த வண்டிக்கான துண்டுச் சீட்டைக் கையில் எடுத்திருப்பாள்.

அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. மைக் அக்கா. அவளைவிட வயதில் மூத்த, தலையெல்லாம் நரைத்த டிரைவர்களுக்கும் அக்காதான்.

டிக்கெட் ஜன்னலில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் அப்போதைய அறிவிப்பாளர் பல்வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். "யாராவது வந்து இதைப் படிச்சு விடுங்கப்பா" என்று மேலாளர் கெஞ்சியிருக்கிறார். சித்தி போய்ப் படித்தாள். வழக்கமாக ஒவ்வொரு அறிவிப்புக்கும் பிறகு விசாரணை ஜன்னலில் "இப்ப என்ன சொன்னாங்க?" என்று ஒரு கூட்டம் நிற்கும். அன்றைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லையாம். பல்வலி சரியாகித் திரும்பியவரை டிக்கெட் ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குழந்தை காணாமல் போனால் மற்றவர்கள் பெற்றோரைத்தான் கூப்பிடுவார்கள். சித்தி முதலில் குழந்தையிடம் பேசுவாள். "நீலச் சட்டைக் கண்ணா, அழாதே. நீ தொலையலை. உங்க அம்மாதான் தொலைஞ்சு போயிட்டாங்க. நீ நின்ன இடத்திலேயே நில்லு, அவங்களை நாங்க கண்டுபிடிச்சுக் கொண்டு வந்துடுறோம்." பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். சிரிக்கிற கூட்டத்தில் அழுகிற குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வாக்கியங்கள் எல்லாமே அனுமார் வால் மாதிரி நீளம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, எட்டாவது நடைமேடையிலிருந்து துறைமுகம் நோக்கிப் புறப்படத் தயாராக உள்ள விரைவுப் பேருந்து மருத்துவமனை நிறுத்தத்தில் நிற்காது." இதை ஒரே மூச்சில் சொல்வாள். நடுவில் எங்கேயும் காற்று இழுக்க மாட்டாள். கடைசியில் வரும் அந்த "நிற்காது" சுவரில் ஆணி இறங்கின மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மழை முடிந்து சில வாரங்களிலேயே வானம் வெளுத்துப்போனது. மேகமும் இல்லை, நீலமும் இல்லை. மத்தியானத்திலும் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. வோல்டேஜ் குறைந்த பல்பு மாதிரி இருந்தது. பனி என்று நினைத்து ஆட்கள் காலையில் கூடுதலாக ஒரு சுற்று நடந்தார்கள். என் கவுண்டர் கண்ணாடியில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றது.

அப்போதுதான் சித்தியின் உதடு அசைந்தும் குரல் வராத நொடிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். இடது கை மைக்கின் பொத்தானை அணைக்கும். தோள் குலுங்கும். வாய் திறந்து மூடும். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு கை பொத்தானைத் தட்டும். எதுவுமே நடக்காதது போல "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று குரல் வரும். இருமலைக்கூட ஒளித்து வைக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அவளுக்கு அறையின் மேல் சந்தேகம். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தாள். துவைத்த திரையிலும் நம்பிக்கையில்லாமல் வீட்டிலேயே போட்டுவிட்டாள். மேசைக்கு அடியில் கிடந்த பழைய பேப்பர்களை எடைக்குப் போட்டாள். நிலையத்தைக் கூட்டுகிற அம்மாவோடு சண்டை.

"நீ குப்பையைக் கூட்டுறியா, கிளப்புறியா?"

"ஏன்கா, நான் என்ன வீட்டிலேருந்து மண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா வரேன்? நேத்து சாயங்காலம் கூட்டினேன். காலையில பாத்தா புதுசா இருக்கு. எனக்கும்தான் தொண்டை எரியுது."

நானும் சேர்ந்து வசிக்கும் வீட்டில் சித்தப்பா வேறு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவருடைய சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவார், காற்று அடிப்பார், வாய் ஓயாமல் பேசுவார். சித்தி மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "ஊர்ல இருக்கிற டியூபுக்கெல்லாம் காத்து அடிக்கிறேன். வீட்டுல ஒண்ணு தானா இறங்கிட்டே இருக்கு. எங்க ஓட்டைன்னுதான் தெரியல" என்றார்.

"தண்ணித் தொட்டியில முக்கிப் பாருங்களேன், குமிழ் வரும்" என்றாள் சித்தி. சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. சித்தப்பா அதற்குமேல் விளையாடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றார். இது தொண்டைக் கட்டு, பேசிப் பேசி வந்தது, தானாகப் போய்விடும் என்று சித்தி சாதித்துவிட்டாள்.

தானாகப் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க அறிவிப்பு அறையின் கதவைத் தட்டினார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஆபரேஷன் ஆன மகளுக்காக எடுத்துப்போன சாப்பாடு. விரைவு வண்டியில் ஏறியிருக்கிறார். அது ஆஸ்பத்திரியைத் தாண்டி, துறைமுகத்தில்தான் நின்றிருக்கிறது. அங்கிருந்து திரும்ப ஏறிய வண்டியும் ஆஸ்பத்திரியில் நிற்காமல் இங்கேயே கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறது.

"ஆஸ்பத்திரியில நிக்கும்னு சொன்னீங்களேம்மா!"

"நிக்காதுன்னுதாங்க சொன்னேன்."

"சத்தியமா எனக்குக் கேக்கலம்மா. நிற்னு வரைக்கும் கேட்டுது."

சித்தி பதில் சொல்ல வாய் திறந்தாள். அந்தப் படபடப்பில் மூச்சு ஏறி இறங்கியது, வார்த்தை வரவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கைச் சத்தம் மட்டும் வந்தது. கோபமாக வந்த மனிதர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "முதல்ல குடிங்கம்மா. சாப்பாடு ஆறினா சூடு பண்ணிக்கலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் சித்திக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நம் பேச்சில் ஆமாவா இல்லையா என்பதை வாக்கியத்தின் வாலில்தான் வைத்திருக்கிறோம். மூச்சு அதுவரை போய்ச் சேரவில்லையென்றால் மீதியைக் கேட்கிறவர் மனசு போட்டுக்கொள்ளும். மகளுக்குச் சாப்பாடு கொண்டு போகிறவருக்கு அது "நிற்கும்" என்றுதான் முடியும்.

வண்டி நேரம் பார்க்கிற டைம்கீப்பர் அன்று சாயங்காலம் அதை வைத்தே ஒரு ஜோக் அடித்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரே விசில். "அக்கா, நிற்காதுல இருக்கிற காது மட்டும் ஜனங்க காதுல விழல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும்தான். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க "நிற்காது, நிற்காது" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். தானாக அறிவிக்கிற இயந்திரம் ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பெட்டியோடு கிடக்கிறது. அதை மாட்டிவிடலாம். சித்தி தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் மேசைக்குப் போகலாம். பேச்சு குறைவு. தூசியும் குறைவு.

"குடைக்கும் தூக்குக்கும் நடுவுல என்னை உக்கார வெக்கிறீங்களா சார்?"

"உடம்பு சரியாகட்டும்னுதான்க்கா சொல்றேன். முதல்ல டாக்டரைப் பாருங்க."

அன்றே சித்தி டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு பெண்மணி, வேகமாகப் பேசுபவர். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முதுகில் கேட்டார். மறுபடி ஊதச் சொன்னார். ஆஸ்துமா என்றார். பல வருஷமாக லேசாக இருந்திருக்கும், இந்தக் காற்று அதை எழுப்பிவிட்டது என்றார்.

"நான் அறையைச் சுத்தமாத்தான் வெச்சிருக்கேன் டாக்டர்."

"உங்க அறையில தப்பு இல்லம்மா. இது இங்கத்துத் தூசியே கிடையாது. ரொம்பத் தூரத்துல பாலைவனத்துல புயல் அடிச்சா மண்ணு மேல கிளம்பும். கனமானது அங்கேயே விழுந்துடும். மெல்லிசானது மேல்காத்தைப் பிடிச்சுக்கிட்டு நாடு நாடாத் தாண்டி வரும். நடுவுல அறுவடை முடிஞ்ச வயல்களைக் கொளுத்துறாங்க. அந்தப் புகையும் சேந்துக்கும்."

சித்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். "எந்த வழியா வருது? இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி எப்ப போகும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க பஸ் விசாரிக்கிற மாதிரி கேக்கிறீங்களே. சில நாள் ஆகும் வர. காத்து மாறினா, இல்ல மழை பெஞ்சா போகும். வரப்போகுதுங்கிறதை இப்பல்லாம் முன்கூட்டியே சொல்லிடுறாங்க, போன்லயே பாக்கலாம்."

பிறகு ஒரு காகிதத்தில் மரம் மாதிரி வரைந்தார், தலைகீழான மரம். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத பொடிதான் இந்தக் கிளைகளைத் தாண்டிக் கடைசி நுனிவரை போகிறது. போகிற வழியெல்லாம் குழாயின் உள்சுவர் வீங்குகிறது, சளி கட்டுகிறது, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. பெரிய குழாய் சின்னக் குழாயாகிவிடுகிறது. "காத்தை உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடறதுதான் கஷ்டமா இருக்கும். அதனாலதான் உங்களுக்கு வாக்கியம் முடிய மாட்டேங்குது."

தினமும் காலையும் மாலையும் எடுக்க ஒரு இன்ஹேலர், இறுக்கம் வந்தால் மட்டும் எடுக்க இன்னொன்று. சித்தியின் முகம் சுருங்கியது. "அது பழகிடும்னு சொல்றாங்களே."

"கண்ணாடி போட்டா கண்ணு பழகிடும்னு கழட்டி வெக்கிறீங்களா? வீக்கம் இருக்கிற வரைக்கும் வேணும். நல்லாயிருக்குன்னு நீங்களா நிறுத்தாதீங்க. தினமும் எடுத்ததும் வாயைக் கொப்பளிங்க. தூசி அதிகமான நாள்ல ஜன்னலை மூடுங்க, வெளியில வந்தா நல்லா ஒட்டுற மாஸ்க் போடுங்க. அறையைக் கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க."

இந்தக் கடைசி வார்த்தைக்காகச் சித்தி மறுநாள் கூட்டுகிற அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். வாளியும் துணியும் வாங்கிக் கொடுத்து அவளையும் மாஸ்க் போடவைத்தாள்.

மருந்து எடுத்தாள், ஆனால் யாரும் பார்க்காமல். அறிவிப்பாளர் மருந்தை உறிஞ்சுவதைப் பார்த்தால் இவளுக்கு முடியவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும், மேலாளர் பெட்டியைப் பிரித்துவிடுவார் என்று பயம். சுவர்ப் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை வாயருகே வைத்து எடுப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ரகசியமாக மிட்டாய் தின்கிற மாதிரி இருக்கும்.

வெள்ளைவெளேரென்ற ஒரு காலையில் அந்த ரகசியம் ஊரறிந்தது. நெஞ்சு இறுக, அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கை மைக்கை அணைக்க மறந்தது. இன்ஹேலரை அழுத்தினாள். நிலையம் முழுக்க, எல்லா ஒலிபெருக்கியிலிருந்தும், "புஸ்ஸ்ஸ்!"

புறப்பட இருந்த ஒரு டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். "எவன் வண்டிடா காத்து இறங்குது?" இன்னொருவர் குதித்து இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். பிரேக் குழாய் போயிருக்கும் என்று ஒருவர் வண்டிக்கடியில் படுத்தேவிட்டார். கொஞ்ச இடைவெளிக்குப் பிறகு சித்தி இரண்டாவது தடவை அழுத்தினாள். "புஸ்ஸ்ஸ்!" விசில் பதறிப்போய் விசிலை ஊதி எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார். ஏறின பயணிகள் இறங்கினார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு ஆள் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சித்தி திரும்பினாள். மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். வெளியே மண்டியிட்டிருக்கும் டிரைவர்களைப் பார்த்தாள். அவள் கை பொத்தான் பக்கம் போனது. அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வண்டிகள் மட்டும் தாமதமாகியிருக்கும்.

கையை எடுத்துவிட்டாள்.

"ஓட்டுநர்கள் கவனத்திற்கு. எந்த வண்டியிலும் காற்று இறங்கவில்லை. இறங்கியது அறிவிப்பாளருக்கு. எனக்கு ஆஸ்துமா. இப்போதுதான் நிரப்பிக்கொண்டேன். வண்டிகள் புறப்படலாம்."

பிறகு வண்டிக்கடியிலிருந்து உடம்பெல்லாம் மண்ணோடு வெளியே வந்த அந்த டிரைவர் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ஹாரன்கள் அடித்தன. பாஸ் எடுக்க நின்ற ஒரு பெண் என்னிடம், "யாருங்க அவங்க?" என்று கேட்டார். "எங்க சித்தி" என்றேன். நான் வழக்கமாக அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவன் இல்லை.

ஆனால் மேலாளருக்கு அது கவலையைத்தான் கூட்டியது. "தூசி நாள்லயெல்லாம் இனிமே மெஷின் பேசட்டும்க்கா" என்றார்.

"தூசி நாள்லதான் சார் ஜனங்க தடுமாறுவாங்க. முன்னால எந்த வண்டி நிக்குதுன்னு போர்டே தெரியாது."

"தெரியாத நாள்ல நீங்க பாதியில நிறுத்தினா?"

அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டுதான் சித்தி வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் கடையிலிருந்த சித்தப்பாவைப் பயணியாக்கினாள். காற்று அடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அவள் சொல்வது "நிற்கும்" என்று கேட்டால் கையைத் தூக்க வேண்டும். "நிற்காது" என்றால் தலையை ஆட்ட வேண்டும்.

சித்தப்பா எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினார்.

"நிக்காதுன்னு சொன்னேங்க!"

"எனக்கு எங்கம்மா கேக்குது! கல்யாணத்துக்கு முன்னால நீ ஏதோ வேணாம்னு சொன்னியாம், அதுகூட எனக்கு சரின்னுதான் கேட்டுது!"

தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அந்த நீள வாக்கியத்தை எடுத்தாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வரும்போது காற்று தீர்ந்துவிட்டது. சித்தப்பா வேண்டுமென்றேவா, கேட்காமலா தெரியாது, மறுபடி கையைத் தூக்கினார். சித்திக்குப் பொறுமை போய்விட்டது.

"நிக்காது! நிக்காதுய்யா அந்த வண்டி ஆஸ்பத்திரியில!"

சித்தப்பா தலையை ஆட்டினார். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "இப்ப கேட்டுதே! பளிச்சுனு கேட்டுது!"

சித்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடும்போது "இல்லை" என்ற வார்த்தையை யாரும் கடைசிக்கு வைப்பதில்லை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்து விழுகிறது. மீதியெல்லாம் பின்னால் வருகிறது. நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்போதே முக்கியமானதைச் சொல்லிவிட்டால், பிறகு மூச்சு குறைந்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

அன்று எல்லா வாக்கியத்தையும் வெட்டினாள். ஒரு வரி, ஒரு மூச்சு. வரி முடிந்த இடத்தில் நிறுத்தம். நான் படிக்கிற கவிதைகளில் எதற்கு இப்படி வரியை உடைக்கிறார்கள் என்று முன்பெல்லாம் கேலி செய்தவள் அவள்தான். இப்போது என் அறைக்கு வந்து, "இதுல எங்க உடைக்கலாம் சொல்லு" என்று கேட்டாள். நான் ஒரு இடத்தைக் காட்டினேன். "ம்ஹூம், அங்க மூச்சு வராது" என்று அவளே வேறு இடத்தில் உடைத்தாள். அவள் உடைத்ததுதான் சரி.

மேலாளர் தயங்கினார். "வாக்கியம் மேலேருந்து வந்ததுக்கா."

"வாக்கியம் மேலேருந்து வரலாம் சார். மூச்சு உள்ளேருந்துல்ல வரணும்."

கடைசியில் ஒரு ஒப்பந்தம். அடுத்த தூசி நாளில் அவள் தன் வாக்கியங்களோடு ஒரு ஷிப்ட் பேசலாம். மேலாளர் வெளியே நின்று கேட்பார். ஒருவர் தவறான வண்டியில் ஏறினாலும் சரி, அவளுக்கு இழுப்பு வந்து முடியாமல் போனாலும் சரி, மறுநாளே பெட்டியைப் பிரித்துவிடுவார். சித்தி ஒப்புக்கொண்டாள். சித்தப்பா பழைய டியூபுகளைப் பட்டையாக வெட்டி எடுத்துவந்து, அறிவிப்பு அறையின் கதவிடுக்கு ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் ஒட்டிக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் இழுத்துத்தான் திறக்க வேண்டும்.

அந்த நாள் வருவது போனில் இரண்டு நாள் முன்பே தெரிந்தது. காலையில் எழுந்தபோது எதிர்வீட்டு மாடி இல்லை. தெருவிளக்குகள் அணையாமல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. நாக்கில் மண்ணின் ருசி. பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது பிளாட்பாரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வண்டிகள் வெறும் ஒளியாக வந்து, கிட்டே வந்தபிறகுதான் வண்டியாயின. மாஸ்க் போட்ட மேலாளர் தூணருகே நின்றுகொண்டார். மாஸ்க் போட்டதால் டைம்கீப்பரும் விசில் ஊதவில்லை, கைவிளக்கைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்குள் சித்தியின் உதடு அசைந்தது.

"பனி இல்லை. இது பனி இல்லை. தூரத்திலிருந்து வந்த தூசியும் புகையும்." நிறுத்தம். "வெளியே நிற்காதீர்கள். இளைப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள்." நிறுத்தம். "குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள்." நிறுத்தம். "கதவுள்ள காத்திருப்பு அறை திறந்திருக்கிறது. ஓட வேண்டாம். உங்கள் வண்டி வந்ததும் நானே கூப்பிடுவேன்."

இதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மேலாளர் தூணிலிருந்து நிமிர்ந்தார். ஜனங்கள் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு பாட்டனார் கைத்தடியோடு காத்திருப்பு அறைக்குள் போனார். அவர் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண். அப்புறம் இடம் இல்லாத அளவு கூட்டம். உள்ளே ஒருவர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார், எதிரில் இருந்தவர், "உங்களுக்குமா?" என்று தன்னுடையதைக் காட்டினார்.

"நிற்காது. மருத்துவமனையில் நிற்காது." நிறுத்தம். "எட்டாவது நடைமேடை விரைவு வண்டி." நிறுத்தம். "மருத்துவமனைக்கு ஐந்தாவது நடைமேடைக்கு வாருங்கள்."

எட்டாவது பிளாட்பாரம் எனக்குத் தெரியவில்லை. மேலாளர்தான் பிறகு சொன்னார். கைக்குழந்தையோடு ஒரு பெண் விரைவு வண்டியின் படியில் ஒரு கால் வைத்துவிட்டாளாம். முதல் வார்த்தை கேட்டதும் கால் நின்றது. இரண்டாவது வார்த்தையில் கீழே இறங்கிவிட்டது. நடைமேடை எண்ணைச் சொல்லும் முன்பே அவள் திரும்பி நடந்துவிட்டாளாம்.

வண்டிக்கு மேல் வண்டி. சித்தி ஒவ்வொன்றையும் சொன்னாள். காத்திருப்பு அறையிலிருந்து ஒவ்வொரு கூட்டத்தையும் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு ஏற்றினாள். ஷிப்ட் முடியப் போகிற நேரம், "கல்லூரி வழியாக" என்ற இடத்தில் குரல் நின்றது. வரி முடியாத இடம். நான் எழுந்து நின்றுவிட்டேன். மேலாளர் நடைபாதையைத் தாண்டி ஓடினார். கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். கண்ணாடிக்குள்ளிருந்து சித்தி ஒரு விரலை உயர்த்தினாள். பொறுங்கள். கதவைத் திறந்தால் தூசி உள்ளே வரும்.

மேலாளர் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எங்களையெல்லாம் பார்த்தபடியே மருந்தை எடுத்தாள். மூச்சைப் பிடித்தாள். மெதுவாக விட்டாள். மறுபடி எடுத்தாள். ஒலிபெருக்கிகள் அதையும் சொல்லின. ஒரு டிரைவரும் இறங்கிப் பார்க்கவில்லை. கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தத் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொறுமையில்லாத ஹாரன் ஒன்றுகூட அடிக்கவில்லை. இத்தனை பேர் ஒரு ஆளின் மூச்சுக்காகக் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"கல்லூரி வழியாகச் செல்லும்" என்று சித்தி விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். "இரண்டாவது நடைமேடை. பொறுத்ததற்கு நன்றி."

ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வந்தாள். மாஸ்க்குக்கு மேல் கண்கள் சிவந்திருந்தன. மேலாளர் அவளைக் காத்திருப்பு அறைக்குள் கூட்டிப் போய் உட்காரவைத்தார்.

"யாரும் தப்பா ஏறலக்கா."

"இழுப்பு வந்துச்சே சார்."

"வந்துச்சு. முடியாமப் போகலையே." அவர் அறிவிப்பு அறைப் பக்கம் கையைக் காட்டினார். "மைக் உங்களோடதுதான். ஆனா தூசி நாள்ல பாதி ஷிப்ட்தான். மீதிப் பாதிக்கு மெஷின் வேணும். இதுல நீங்க என்னோட சண்டை போடக்கூடாது."

சித்தி யோசித்தாள். "மெஷின் எந்த வாக்கியத்தைச் சொல்லும்?"

"உங்க வாக்கியம்."

"யார் குரல்ல?"

"உங்க குரல்லயே பதிவு பண்ணிடலாம். தூசியெல்லாம் போகட்டும். மூச்சு நல்லா இருக்கிற ஒருநாள் வந்து நிதானமாப் பேசுங்க. ஒரே சீரா இருக்கும்."

"வேணாம் சார்." எழுந்துவிட்டாள். "மூச்சு நல்லா இருக்கிற நாள்ல பேசினா நான் பழையபடி இழுத்துடுவேன். இப்ப எங்க நிறுத்தணும்னு நெஞ்சுக்குத் தெரியுது. தண்ணி குடிச்சிட்டு வரேன், இன்னிக்கே பண்ணிடலாம்."

மேலாளர் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்து, மெஷினை அறிவிப்பு அறையில் மாட்டிக் கொடுத்தார். சித்தி அறிவிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அவர் மாஸ்க் தாடையில் தொங்கியது.

"மேலே ஏத்துங்க சித்தப்பா."

ஏற்றிக்கொண்டார். "மேடம் எங்க?"

"உள்ள பேசிட்டு இருக்காங்க."

"இன்னுமா? முடிய நேரம் ஆகுமா?"

"ஆகும்னு நினைக்கிறேன். மெஷினுக்காக எல்லா வண்டியும் சொல்றாங்க."

சித்தப்பா கண்ணாடி வழியே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சைக்கிளைத் தூணில் சாய்த்துப் பூட்டினார். "ஆகட்டும், ஆகட்டும்" என்று காத்திருப்பு அறைக்குள் போய், கதவை நன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.